செபஸ்தியாரின் அம்பை உருவும் ஐரீன்: 1625-ஆம் ஆண்டு ஓவியத்தை வேலூர் வெயிலில் நகல் எடுக்கும் முறை

மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து, கண்ணை வானத்துக்கு உயர்த்தி நிற்கும் செபஸ்தியார் சுரூபத்தை நம் பக்கத்துக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையின் அடுத்த காட்சியைச் சுரூபமாக வைப்பவர்கள் குறைவு. தியோக்ளேசியன் பேரரசனின் வில்லாளிகள் அவர் செத்துவிட்டார் என்று விட்டுப் போன பிறகு, உடலை அடக்கம் செய்ய ஐரீன் என்ற கைம்பெண் வருகிறாள். மூச்சு இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயங்களை ஆற்றுகிறாள். பிழைத்தெழுந்த செபஸ்தியார் பேரரசனை நேரில் போய்க் கண்டிக்க, இம்முறை தடியால் அடித்தே கொல்கிறார்கள். ஆக, அம்பு அவரைக் கொல்லவில்லை. இந்த ஓவியத்தை நகல் எடுப்பவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதுதான்: படத்தில் இருப்பது பிணமும் இல்லை, நலமாக இருக்கும் உடலும் இல்லை. வண்ணக் கலவை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் நிற்கிறது.

ஓவியர் ஹென்ட்ரிக் டெர் ப்ருக்கன். இத்தாலியில் கரவாஜோ தொடங்கிவைத்த ஒளி-இருள் பாணியை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். 1625-இல் இதை வரைந்தார், 1629-இல் இறந்தார். அந்த ஆண்டுகளில் அங்குள்ள நகரங்களைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. செபஸ்தியார் கொள்ளைநோய்க்குப் பாதுகாவலர் என்ற நம்பிக்கை நம் ஊரில் இருப்பதுபோல் ஐரோப்பாவிலும் பழையது. நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்யும் ஐரீனை 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். செவிலியர்களால் பெயர் வாங்கிய வேலூருக்கு இதைவிடப் பொருத்தமான பரோக் ஓவியம், அதாவது அந்த நூற்றாண்டின் ஐரோப்பியப் பாணி ஓவியம், கிடைப்பது அரிது. மூலம் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியின் ஆலன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அளவும் கட்டமும்

மூல ஓவியம் 149.5 செ.மீ. உயரம், சுமார் 119.5 செ.மீ. அகலம். இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. உயரமும் அகலமும் ஏறக்குறைய 5-க்கு 4. ஸ்டூடியோவில் போடும் 8-க்கு 10 அங்குல பிரின்ட்டும் அதே விகிதம். 24-க்கு 30 அங்குல கேன்வாஸும் அதே விகிதம். எனவே பிரின்ட்டில் 1 அங்குலக் கட்டம், கேன்வாஸில் 3 அங்குலக் கட்டம். இரண்டிலும் அகலவாக்கில் 8, உயரவாக்கில் 10, மொத்தம் 80 கட்டங்கள். கணக்குப் போட வேண்டியதே இல்லை. நகல் மூலத்தில் பாதி அளவாக வரும். அதுவும் நல்லதுதான்: மூலத்தின் அதே அளவில் நகல் செய்வதை அருங்காட்சியகங்களே விரும்புவதில்லை, பிற்காலத்தில் குழப்பம் வரும் என்பதால்.

பிரின்ட் போடும் இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கலர் கரெக்ஷன் வேண்டாம். கல்யாணப் படம் போட்டுப் பழகிய இயந்திரம் தோலைக் கண்டால் தானாகவே சிவப்பு ஏற்றிவிடும். செபஸ்தியார் உடம்பில் ஓடும் பச்சை கலந்த சாம்பல் நிறம் அதில் போய்விடும். படத்தின் உயிரே அந்த நிறம்தான். மேட் தாளில் போடுங்கள். பளபளப்புத் தாளில் இருண்ட இடமெல்லாம் கண்ணாடியாகி உங்கள் முகம்தான் தெரியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கட்டம் போட்டு, மற்றதை வண்ணம் ஒப்பிடச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையைப் பார்த்து நிறம் கலப்பவர்கள் கண் பாதுகாப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் திரை முழுவதும் மஞ்சள் ஏறும்.

எந்த மாதத்தில் தொடங்குவது

கோயிலுக்காகச் செய்பவர்களுக்கு ஜனவரி 20 திருநாள்தான் கெடு. நவம்பரில் ஆரம்பித்தால் முடியும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எண்ணெய் வண்ணம் காய மறுக்கும், கேன்வாஸ் தொய்யும், காயாத படத்தைச் சட்டத்தில் அடைத்துக் கொடுத்தால் சட்டத்தின் விளிம்பு படத்தோடு ஒட்டிக்கொள்ளும். கத்திரி வெயிலும் உதவாது. தட்டில் பிழிந்த அம்பர் என்ற பழுப்பு வண்ணம் மதியத்துக்குள் தோல் கட்டிவிடும். நிறங்களை ஒன்றோடொன்று இழைக்க நேரம் கிடைக்காது. ஜூன் கடைசியில் துணி தயாரிப்பு, ஜூலையில் கோடும், நிறம் ஏற்றுமுன் ஒளி-நிழலை மட்டும் போடும் அடிப்படமும், ஆகஸ்ட், செப்டம்பரில் வண்ணம். செப்டம்பர் முடிவில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டால் திருநாளுக்கு மூன்றரை மாதம் காயக் கிடைக்கும். நம் பருவத்துக்கு ஒத்துவரும் அட்டவணை இதுதான்.

வடக்குச் சன்னல் ஒளியில் வரைய வேண்டும் என்று எல்லா ஐரோப்பிய வழிகாட்டியிலும் இருக்கும். வேலூர் ஏறக்குறைய 12.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, அதாவது சித்திரை இரண்டாம் வாரம் தொட்டு ஆவணி பிறக்கும் வரை, உச்சி வெயில் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வடக்குச் சன்னல் வழியாக நேர் வெயில் கேன்வாஸில் விழும். அப்போது தெற்குச் சன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆவணிக்குப் பிறகு வடக்குக்குத் திரும்புங்கள். இரவில் வரைவதானால் கேன்வாஸுக்கும் வண்ணத் தட்டுக்கும் ஒரே நிற ஒளி வேண்டும். வெள்ளை ஒளியில் கலந்து மஞ்சள் பல்பில் பூசினால் காலையில் எல்லாத் தோலும் மாறியிருக்கும்.

சட்டமும் துணியும்

தச்சரிடம் 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் நன்கு காய்ந்த மரத்தில் 24-க்கு 30 சட்டம் கேளுங்கள். பச்சை மரம் மே மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். குறுக்கே ஒரு கட்டை. உள் விளிம்பைச் சரிவாக இழைத்துத் தரச் சொல்வது முக்கியம். இழைக்காத விளிம்பில் துணி அழுந்தி, ஓராண்டில் படத்தின் ஓரங்களில் சட்டம்போலவே ஒரு கோடு எழும். மூலைகளைப் பசை போட்டு இறுக்காமல், பின்னால் ஆப்பு அடித்து விரிக்கும்படி செய்தால் மழைக்காலத்தில் தொய்ந்த துணியை மறுபடி இழுக்கலாம்.

துணி 30-க்கு 36 அங்குலம், பக்கத்துக்கு 3 அங்குலம் மடிக்க. 10 அல்லது 12 அவுன்ஸ் பருத்திக் கித்தான் போதும். லினன் கிடைத்தால் இன்னும் நல்லது. லாங்கு பஜார் துணிக்கடைகளில் காடா வாங்கிச் சிக்கனமாக முடிக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க: மெல்லிய காடா ஆகாது, கனமான துணியானாலும் கஞ்சி போகும் வரை வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே இழுக்க வேண்டும். கஞ்சி மேல் ஏறிய பூச்சு பின்னால் செதிலாக உரியும். இழுக்கும்போது நான்கு பக்கத்தின் நடுவில் முதலில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கி. ஒரு பக்கத்தை முழுவதும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் நெசவு கோணிக்கொள்ளும்.

பழைய ஓவியர்கள் துணிக்குத் தோல் பசை பூசினார்கள். நம் தச்சர்கள் சொல்லும் வச்சிரம் அந்தக் குடும்பம்தான். ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு அது எதிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய முறைப்படி செய்கிறோம் என்று அதையே காய்ச்சிப் பூச ஆசை வரும். வேண்டாம். வச்சிரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், வெயிலில் சுருங்கும். கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடையே நம் ஊர்க் காற்று ஆடும் ஆட்டத்தில் மேலே இருக்கும் எண்ணெய்ப் படலம் வெடிக்கும். அக்ரிலிக் ஜெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை, ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு, நடுவில் மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. இந்த அளவுக்குக் கால் லிட்டர் தாராளம். சுவருக்கு அடிக்கும் பிரைமர் ஜெஸோ ஆகாது. சுவர் அசையாது, துணி அசையும்.

ஜெஸோ நன்றாகக் காய்ந்த மறுநாள் அதன் வெள்ளையைக் கொல்ல வேண்டும். பர்ன்ட் அம்பர் 2 பங்கு, எல்லோ ஆக்கர் 2 பங்கு, ஐவரி பிளாக் கால் பங்கு, டைட்டானியம் ஒயிட் 1 பங்கு. டர்பென்டைனில் மோர் பதத்துக்குக் கரைத்துப் பூசி, பழைய பனியன் துணியால் துடைத்துவிடுங்கள். நடுத்தர மண் நிறம் நிற்க வேண்டும். களிமண் குடத்தைவிட இருட்டாகப் போக வேண்டாம். இருட்டுப் படம்தானே என்று கறுப்பையே அடித்துவிட்டு ஆரம்பிப்பவர்கள் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். கறுப்பின் மேல் எந்த நிறம் வைத்தாலும் சாக்பீஸ் மாதிரி நிற்கும், நிழல் என்று தனியாக ஒன்று போடவே இடம் இருக்காது. பரோக் ஓவியத்தில் நிழலின் பெரும்பகுதி இந்த அடித்தளம் மேலே எட்டிப்பார்ப்பதுதான். ஒளி படும் இடத்தில் மட்டும் கைவேலை; மற்றதை விட்டுவிடத் தெரிய வேண்டும்.

வாங்க வேண்டியவை

டைட்டானியம் ஒயிட் 100 மி.லி. ஆவது. மற்றவை 20 முதல் 40 மி.லி. போதும்: எல்லோ ஆக்கர், ரா அம்பர், பர்ன்ட் அம்பர், லைட் ரெட், வெர்மிலியன் ஹியூ, அலிசரின் கிரிம்சன், ஐவரி பிளாக். நீலம் ஒன்று வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம். ஐவரி பிளாக்கும் வெள்ளையும் கலந்தால் கதகதப்பான நிறங்களுக்கு நடுவே நீலமாகவே தெரியும். பிளாக்கும் ஆக்கரும் கலந்தால் மங்கிய பச்சை. இந்தப் படத்துக்குத் தேவையான குளிர்ந்த நிறங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே வந்துவிடும். குழாயின் சிறிய எழுத்தைப் படியுங்கள். வெள்ளையில் ஜிங்க் அதிகம் இருந்தால் நாளாக ஆக நொறுங்கும். பழைய ஓவியர்களின் ஈய வெள்ளை நஞ்சு. அதைத் தேடிப் போக வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் ஓவியத்துக்கென்று சுத்திகரித்ததாக இருக்கட்டும். வன்பொருள் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் டபுள் பாயில்ட் எண்ணெய் விலை குறைவு, ஆனால் சுருக்கம் விழும், மஞ்சளாகும். தின்னரும் மண்ணெண்ணெயும் டர்பென்டைனுக்கு மாற்று இல்லை. தின்னர் கீழ்ப் படலத்தை உரித்துவிடும். பன்றிமுடித் தட்டைத் தூரிகை 12-ஆம், 8-ஆம் எண், நுனி வளைந்தது 6-ஆம் எண், விரலுக்கும் கயிற்று முடிச்சுக்கும் மென்முடி வட்டத் தூரிகை 2-ஆம் எண். ஒரு கலவைக் கத்தி.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். நம் மே மாத அறையில் அது வெறும் புத்தக எச்சரிக்கை இல்லை. அன்றன்றே தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

கோடு

மண் நிறத்தின் மேல் வெள்ளைச் சாக்பீஸால் 3 அங்குலக் கட்டம். படத்தைக் கரிக்கோலால் ஏற்றுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கோடு வண்ணத்தைத் தாண்டி ஆண்டுகள் கழித்தும் எழும். முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். இந்த ஓவியத்தின் எலும்பு மூன்று தலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்ந்து இறங்கும் வரிசைதான்: கட்டவிழ்க்கும் பணிப்பெண், அம்பை உருவும் ஐரீன், தொங்கிய தலையோடு செபஸ்தியார். மூன்று தலைக்கும் மூன்று முட்டை வடிவம் போட்டு, அவற்றின் நடுவை இணைக்கும் சாய்வுக் கோடு பிரின்ட்டில் எந்தெந்தக் கட்டத்தை வெட்டுகிறதோ அதே கட்டத்தைக் கேன்வாஸிலும் வெட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்து, உயரத்தில் இன்னும் கட்டுண்டு கிடக்கும் கை, கீழே துவண்டு தொங்கும் கை. பிறகு தாழ்ந்த அடிவானம். இவ்வளவும் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மூக்கும் கண்ணும்.

பெரும்பாலோர் பிழை செய்யும் இடம் செபஸ்தியாரின் உடல் எடை. துவண்ட உடலைப் பார்க்கும் நம் கை அதை நிமிர்த்தப் பார்க்கும்; தலையை ஒரு விரற்கடை உயர்த்திவிடும், தோளைச் சமன் செய்துவிடும். படம் அப்போது உட்கார்ந்து தூங்கும் ஆளின் படம் ஆகிவிடும். கேன்வாஸையும் பிரின்ட்டையும் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை ஒப்பிடுங்கள். உடலாகத் தெரியாமல் வடிவமாகத் தெரியும்போது பிழை தானாகச் சிக்கும்.

கைகளுக்கு உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். தெருவுக்கு ஒரு செவிலியர் இருக்கும் ஊர் இது. ஊசியோ வடிகுழாயோ உருவும்போது ஒரு கை தோலை அழுத்திப் பிடிக்க, மறு கையின் இரண்டு விரல் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பென்சிலை வைத்துக் காட்டச் சொல்லிப் பக்கத்து ஒளியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் கோட்டை மாற்றுவதற்கு அல்ல; அந்தக் கோடு ஏன் அப்படிப் போகிறது என்று கைக்குப் புரிவதற்கு. ஐரீனின் பிடி முரட்டுத்தனமாக விழுந்துவிட்டால் அவள் அம்பைக் குத்துகிறவள் மாதிரி ஆகிவிடுவாள்.

கோடு சரியானதும் கரித்தூளை மெல்லிய துணியால் தட்டிவிட்டு, எஞ்சிய கோட்டை டர்பென்டைனில் கரைத்த ரா அம்பரால் நுண்தூரிகை கொண்டு உறுதிப்படுத்துங்கள்.

அடிப்படம்

பர்ன்ட் அம்பர், கொஞ்சம் ஐவரி பிளாக், நிறைய டர்பென்டைன். எண்ணெய் சேர்க்காதீர்கள். நிழல் வடிவங்களை மட்டும் மெலிதாக நிரப்பி, ஒளி படும் இடத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். ஐந்து படிகள் போதும்: அடி இருட்டு, இருட்டு, நடு, வெளிச்சம், உச்ச வெளிச்சம். உச்ச வெளிச்சத்துக்கு மட்டும் மறுநாள் வெள்ளையும் ஆக்கரும் சமமாகக் கலந்து, செபஸ்தியாரின் மார்பு, தோள், முழங்கால், ஐரீனின் கை என்று கனமாக வையுங்கள். படத்தில் வெள்ளைக்குப் பக்கமாகப் போகும் இடங்கள் மொத்தப் பரப்பில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். கண்ணைச் சுருக்கி ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். மூன்று தலைகளும் இரண்டு கைகளும் தவிர வேறு ஏதாவது கண்ணை இழுத்தால் அதை அம்பரால் அமுக்கிவிடுங்கள்.

அம்பர் நம் ஊரில் ஒரு இரவில் காய்ந்துவிடும். வெள்ளை வைத்த இடம் ஒரு வாரம் கேட்கும். விரல் மூட்டால் தொட்டுப் பாருங்கள், ஒட்டக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரமாக நிற்கும். மூன்றாம் அடுக்கில் விரிசல் தொடங்கும். உள்ளறையில், சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காமல், முகத்தைச் சுவர் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். ஃபேன் ஈரத்தை எடுப்பதைவிடத் தூசியைத்தான் அதிகம் கொண்டுவரும்.

தோல் நிறம்

இனிதான் முக்கிய வேலை. தட்டில் இரண்டு தோலையும் பக்கத்தில் பக்கத்தில் கலந்து வைத்துக்கொள்ளாமல் ஒன்றைக்கூடப் பூசாதீர்கள்.

செபஸ்தியாரின் வெளிச்சத் தோல்: வெள்ளை 8 பங்கு, ஆக்கர் 2, ஐவரி பிளாக் அரை, லைட் ரெட் கால். நடுத்தோல்: வெள்ளை 4, ஆக்கர் 2, பிளாக் 1, ரா அம்பர் அரை. நிழல்: ரா அம்பர் 2, ஆக்கர் 1, பிளாக் அரை, வெள்ளை இல்லாமல், மெலிதாக. நடுத்தோலில்தான் அந்தப் பச்சைச் சாம்பல் பிறக்கிறது. தட்டில் பார்க்கும்போது இது தோல் நிறமே இல்லை, சேறு என்று தோன்றும். நம்பி வையுங்கள், பக்கத்தில் ஐரீனின் தோல் வந்ததும் அது இரத்தம் இறங்கிய மனித உடலாக மாறும்.

ஐரீனுக்கு: வெள்ளை 8, ஆக்கர் 2, வெர்மிலியன் 1, லைட் ரெட் கால். கன்னம், காது, விரல் மூட்டுகளில் வெர்மிலியன் இன்னும் ஒரு துளி. இந்த இரண்டு நிறமும் மிக நெருக்கமாகச் சந்திக்கும் இடங்கள் இரண்டு: அம்பைச் சுற்றிய விரல்களும் கயிற்று முடிச்சும். உயிருள்ள விரல், துவண்ட தோல் இரண்டும் அங்கே ஒரே கண்பார்வையில் விழும். அந்த விளிம்புகள் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். உடலின் மற்ற விளிம்புகளை ஈரம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் ஒருமுறை வருடிப் பின்னணிக்குள் கரைத்துவிடுங்கள். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வெட்டினால் காலண்டர் படம்தான் வரும்.

செபஸ்தியாரின் தோலை அழகாக்கும் ஆசைதான் இந்த நகலைக் கெடுக்கும் முதல் எதிரி. பார்ப்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். சாமி கொஞ்சம் சிவப்பா இருக்கட்டுமே, தலையைச் சுற்றி ஒளிவட்டம் பெரிசாப் போடுங்களேன், இரத்தம் பத்தலையே என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். காயத்தின் இரத்தம் அலிசரினும் பர்ன்ட் அம்பரும் கலந்த அடர் நிறம். அதன் மேல் வெர்மிலியன் ஒரு புள்ளி. வழிந்து காய்ந்த இரத்தம் கறுக்கும் என்று மருத்துவமனை வராந்தா பார்த்த எவருக்கும் தெரியும். பிரகாசமான சிவப்பைக் கொட்டினால் கண் அங்கேயே நின்றுவிடும், ஐரீனின் விரலுக்குப் போகாது. பொன் தெரிய வேண்டிய இடத்திலும் பொன் பெயின்ட் ஆகாது. ஆக்கர் மேல் அம்பர் நிழல், அதன் மேல் வெள்ளையும் ஆக்கரும் கலந்த சின்னச் சின்ன ஒற்றல். ஆரணிப் பட்டுச் சரிகையை ஒரே பக்க ஒளியில் வைத்துப் பாருங்கள், முக்கால்வாசி பழுப்பாகத்தான் தெரியும்.

அடுக்குக்கு அடுக்கு எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது. அடிப்படம் டர்பென்டைன் மட்டும். முதல் வண்ண அடுக்குக்கு டர்பென்டைன் 3, எண்ணெய் 1. கடைசி அடுக்குக்குச் சம பங்கு. மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி, அடியில் இருப்பது பின்னால் சுருங்க, படம் ஏரி காய்ந்த மண்போல் பிளக்கும். ஆகஸ்ட் வெப்பத்தில் தோல் நிறம் இழைப்பதற்குள் இறுகினால், தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கு அளவு வண்ணத்துக்குக் கிராம்பு எண்ணெய் ஒரே ஒரு துளி. இரண்டு மூன்று என்று போனால் ஜனவரியிலும் பிசுபிசுக்கும். அம்பர் கலந்த நிறங்களில் இது தாங்கும். பிளாக் இயல்பிலேயே தாமதமாகக் காயும், அதில் கலக்கவே வேண்டாம்.

மங்கிப்போன திட்டுகள்

அம்பர் நிழல்கள் காய்ந்ததும் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்தாற்போல் தெரியும். நிறம் போய்விட்டது என்று பதறி மேலே மேலே பூசுபவர்கள் நிழலைக் கனமாக்கிவிடுவார்கள். எண்ணெயைக் கீழ்ப் படலம் உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் நன்கு காய்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சமமாகக் கலந்து பஞ்சில் ஒற்றித் தடவி, பத்து நிமிடத்தில் சுத்தத் துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். பழைய ஆழம் திரும்பும். துடைக்காமல் விட்ட எண்ணெய் மஞ்சள் திட்டாக நிற்கும்.

மாட்டுவதும் வார்னிஷும்

ஜனவரி 20-க்குள் இறுதி வார்னிஷ் கிடையாது. கடைசித் தூரிகைக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் வேண்டும். செப்டம்பரில் முடித்த படத்துக்கு ஏப்ரல். திருநாளுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, காற்று உலர்ந்த ஒரு காலை நேரத்தில். மழை நாளில் பூசினால் வெள்ளைப் பனி பூத்து இருட்டுப் பகுதி எல்லாம் பால் தெளித்ததுபோல் ஆகும்.

கோயிலில் இடம் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சுவரைத் தவிர்க்கவும். மழைக்காலத்தில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் துணியின் முதுகில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்பக்க நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கை வைத்தால் காற்று ஓடும். மெழுகுதிரி ஸ்டாண்டுக்கு நேர் மேலே மாட்டவே வேண்டாம். இருட்டுப் படத்துக்கு எதிரே டியூப்லைட் இருந்தால் அதன் கோடு மட்டுமே தெரியும். மேலிருந்து ஒரு பக்கமாக விழும் சிறு எல்.இ.டி. விளக்கு, படத்துக்குள் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதே பக்கத்திலிருந்து. தூசியைக் காய்ந்த மென்முடித் தூரிகையால் மட்டும் தட்டவும். ஈரத் துணியும் தேங்காய் எண்ணெயும் திருநாளுக்கு முந்தின நாள் யார் கையிலாவது வந்து சேரும். படத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பின்பக்கத் துணியில் எழுதினால் மை முன்னால் ஊறும். ஆகவே மரச்சட்டத்தில் எழுதுங்கள்: ஹென்ட்ரிக் டெர் ப்ருக்கன் 1625-இல் வரைந்த ஓவியத்தின் நகல், பாதி அளவு, நகல் எடுத்தவர் பெயர், முடித்த மாதமும் ஆண்டும், பயன்படுத்திய வெள்ளையின் பெயர், வார்னிஷ் பூசிய தேதி. முன்பக்கம் மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது.